தாய்மாரைக் காத்த டாக்டர் சவுந்தரம்

செல்வச் சீமான் வீட்டுப் பெண். விரும்பியிருந்தால் மாளிகையில் சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் தேடி வந்தது திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களை. பிரசவத்தில் தவித்த ஏழைப் பெண்களுக்கு அங்கே ஆஸ்பத்திரி கண்டார். அவர்தான் டாக்டர் சவுந்தரம்.

இளம் வயதில் இடி

சவுந்தரம் 1904-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி பிறந்தார். தந்தை, டி.வி.எஸ். கம்பெனியை நிறுவிய சுந்தரம் அய்யங்கார். தாயார் லட்சுமி.

அக்கால வழக்கப்படி, சிறுமியாக இருக்கும்போதே சவுந்தரத்துக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் சவுந்தரராஜன் ஒரு டாக்டர். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த அவரை அந்த நோயே கொண்டு போய்விட்டது. மனைவி மேலே படிக்க வேண்டும், மறுமணமும் செய்து கொள்ள வேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பம்.

விதவைப் பெண் மூலையில் முடங்கிக் கிடந்த காலம் அது. சவுந்தரம் முடங்கவில்லை. டெல்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936-ல் டாக்டர் ஆனார்.

காந்தி வைத்த சோதனை

கல்லூரித் தோழி சுசீலா நய்யார் மூலம் காந்தியடிகளின் அறிமுகம் கிடைத்தது. அரிஜன சேவையில் ஈடுபட்டிருந்த கேரளத்து இளைஞர் ஜி.ராமச்சந்திரனும் சவுந்தரமும் ஒருவரை ஒருவர் விரும்பினர். சாதி வேறு, மொழியும் வேறு. பெற்றோர் சம்மதிக்கவில்லை.

காந்தியடிகள் ஒரு நிபந்தனை போட்டார். ஓராண்டு இருவரும் சந்திக்கக்கூடாது, கடிதமும் எழுதக்கூடாது. ஆண்டு கழிந்தது. மனம் மாறவில்லை. 1940-ல் காந்தியடிகளே முன்னின்று திருமணத்தை நடத்தி வைத்தார்.

பிரசவம் என்றால் மறுபிறவி

1944-ல் கஸ்தூரிபா காலமானார். அவர் பெயரால் பெரும் நிதி திரண்டது. கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைச் செலவிட முடிவாயிற்று. தமிழ்நாட்டுப் பொறுப்பைக் காந்தியடிகள் சவுந்தரத்திடம் கொடுத்தார்.

அந்நாளில் கிராமத்தில் பிரசவம் என்பது மறுபிறவி. மருத்துவச்சிக்குக் கைப்பக்குவம் உண்டு. ஆனால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும், கத்தியைக் கொதிநீரில் போடவும் அவளுக்குச் சொல்லித் தந்தவர் இல்லை. அழுக்குக் கத்தியால் தொப்புள் கொடியை அறுத்தால் குழந்தைக்கு ஜன்னி. கிருமி ஏறினால் தாய்க்குப் பிரசவக் காய்ச்சல்.

1947-ல் சின்னாளப்பட்டி அருகே, சிறுமலையைப் பார்த்த சமவெளியில், கணவனும் மனைவியும் காந்தி கிராமத்தைத் தொடங்கினர். சிறிய பிரசவ விடுதியாகப் பிறந்து வளர்ந்ததே கஸ்தூரிபா ஆஸ்பத்திரி. கிராம சேவிகைகளுக்குப் பயிற்சியும் நடந்தது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

சவுந்தரம் வலியுறுத்திய சுத்தம் இன்றைக்கும் தேவை. கர்ப்பிணிகளைத் தாக்கும் கிருமிகளில் லிஸ்டீரியா ஒன்று. ஆபரேஷனில் கிருமியைக் கொல்லும் வழியைப் பரப்பிய ஜோசப் லிஸ்டர் என்ற ஆங்கிலேய டாக்டரின் நினைவாக வைத்த பெயர் இது.

காய்ச்சாத பால், அதிலிருந்து செய்த பாலாடைக்கட்டி, கழுவாத காய்கறி ஆகியவற்றின் மூலம் இந்தக் கிருமி வயிற்றுக்குள் போகிறது. குளிர்சாதனப் பெட்டியிலும் வளரும். தாய்க்கு லேசான காய்ச்சலும் உடம்பு வலியும்தான் தெரியும். கிருமியோ நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையை எட்டிவிடும். கரு கலையலாம்; குழந்தை இறந்தும் பிறக்கலாம். ஆகவே கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இதற்கு மருந்து உண்டு.

இந்தக் கிருமியின் மரபணுக்களை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். ஒரே கிருமிக்குள் நான்கு பெரிய வம்சங்கள் இருப்பது தெரிந்தது. எல்லாம் ஒரே அளவு கொடியவை அல்ல. சில கிளைகளே தாயையும் சேயையும் அதிகம் தாக்குகின்றன. ஆனால் எந்த வம்சமானாலும் கொதிக்கும் பாலில் பிழைக்காது.

மக்கள் தந்த பதவி

மக்கள் சவுந்தரத்தை மறக்கவில்லை. 1952-ல் ஆத்தூரிலும், 1957-ல் வேடசந்தூரிலும் சட்டசபைக்கு அனுப்பினார்கள். 1962-ல் திண்டுக்கல்லில் இருந்து பாராளுமன்றம் சென்றார். மத்திய கல்வித்துறைத் துணை மந்திரி ஆனார். அதே ஆண்டு பத்மபூஷண் விருது கிடைத்தது. காந்தி கிராமத்தில் 1956-ல் தோன்றிய கிராமியக் கல்வி நிலையம் 1976-ல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

1984-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி சவுந்தரம் காலமானார். 2005-ல் இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

இளமையில் கணவரைத் தொற்று நோய்க்குப் பறிகொடுத்த பெண், ஊரார் வீட்டுத் தாய்மார்களை நோயிடம் இருந்து காப்பதையே வாழ்க்கையாக்கிக் கொண்டார். கஸ்தூரிபா ஆஸ்பத்திரியில் கேட்கும் ஒவ்வொரு குழந்தையின் அழுகுரலிலும் அவர் வாழ்கிறார்.