யெல்லாப்பிரகட சுப்பாராவ்

யெல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட் 8, 1948) இந்தியாவைச் சேர்ந்த உயிர்வேதியியலாளர் ஆவார். சென்னையில் மருத்துவம் பயின்று ஐக்கிய அமெரிக்காவில் ஆய்வு செய்தார். குருதியில் பாசுபரசை அளவிடும் முறை, போலிக் அமிலத்தின் தொகுப்பு, குழந்தைகளின் குருதிப் புற்றுநோயைத் தணித்த மருந்து, யானைக்கால் நோய்க்கான மருந்து ஆகியவற்றில் இவரது பங்கு முதன்மையானது.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோல்வியுற்று, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை தேர்ச்சி பெற்றார். மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்தபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை அரங்கிலும் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். இதனால் இவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே வழங்கப்பட்டது.

இக்காலத்தில் இவருடைய சகோதரர் இருவர் இசுப்புரூ என்னும் வெப்பமண்டலக் குடல்நோயால் சில நாட்கள் இடைவெளியில் இறந்தனர். உணவிலுள்ள சத்துகளைக் குடல் உறிஞ்ச இயலாமல் குருதிச்சோகை உண்டாவது இந்நோயின் இயல்பு. சுப்பாராவும் இந்நோய்க்கு ஆளாகி, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட இலட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்தார். பின்னர் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார்.

ஹார்வர்டில் ஆய்வு

1922ஆம் ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்த சுப்பாராவ், செலவுக்காக மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக வேலை செய்துகொண்டே பயின்றார். ஊரில் பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். சுப்பாராவ் அதன்பின் தாயகம் திரும்பவேயில்லை.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரசு பிசுக்கேயுடன் இணைந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாசுபரசை நீலநிறத்தின் செறிவைக் கொண்டு அளவிடும் முறையை 1925இல் வெளியிட்டார். இது பிசுக்கே–சுப்பாராவ் முறை எனப்படுகிறது. இம்முறையின் துணையால் இருவரும் தசையில் பாசுபோகிரியேட்டினை 1927இல் கண்டறிந்தனர். தசைச் சுருக்கத்துக்கான ஆற்றல் இலாக்டிக் அமிலம் உருவாவதிலிருந்தே கிடைக்கிறது என்ற அன்றைய கருத்து இதனால் மாறத் தொடங்கியது. ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் முப்பாசுபேட்டையும் 1929இல் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் செருமனியின் கார்ல் லோமன் இதனைத் தனியே கண்டறிந்தார்.

சுப்பாராவ் 1930இல் முனைவர் பட்டம் பெற்றபோதும் ஹார்வர்டில் நிலையான ஆசிரியப் பதவி பெறவில்லை. இவருடைய கண்டுபிடிப்புகள் சிலவற்றைப் பிசுக்கே வெளிவர விடவில்லை என்றும், பிறர் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் இட்சிங்சு குறிப்பிட்டுள்ளார்.

லெடர்லி ஆய்வகம்

1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் உள்ள லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, ஆய்வுத் துறையை வழிநடத்தினார்.

போலிக் அமிலம்: கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட ஒருவகைக் குருதிச்சோகையை ஈசுட்டுச் சாறு போக்குவதை லூசி வில்சு 1930களின் தொடக்கத்தில் பம்பாயில் காட்டியிருந்தார். இத்தகைய சோகையைப் போக்கும் போலிக் அமிலத்தைச் சுப்பாராவின் குழு 1945இல் செயற்கையாகத் தொகுத்தது. சகோதரர்களைப் பலிகொண்ட இசுப்புரூ நோயில் வரும் சோகைக்கும் இது மருந்தாயிற்று.

குருதிப் புற்றுநோய் மருந்துகள்: குருதியணுக்கள் பெருகுவதற்குப் போலிக் அமிலம் இன்றியமையாதது. ஆகவே அதனைப் போன்ற வடிவமுடைய, ஆனால் அதன் செயலைத் தடுக்கும் பொருள் புற்றணுக்களின் பெருக்கத்தையும் தடுக்கக்கூடும். இக்குழு உருவாக்கிய அமினோப்டெரினைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர் 16 குழந்தைகளுக்கு அளித்தார். அவர்களில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என 1948இல் அறிவிக்கப்பட்டது. இதன் நெருங்கிய உறவுப் பொருளான மெத்தோட்ரெக்சேட் இன்றும் குருதிப் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் பயன்படுகிறது.

டைஎத்தில்கார்பமசின்: யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களை எதிர்க்கும் இம்மருந்து 1947இல் வெளிவந்தது. கொசுக்களால் பரவும் இந்நோய் தமிழகக் கரையோரத்தில் நெடுங்காலம் நிலவியது. 1990களின் பிற்பகுதியிலிருந்து கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை மக்களுக்கு ஒட்டுமொத்தமாக வழங்கப்பட்டது இம்மாத்திரையே.

இவருடைய தலைமையின்கீழ் பெஞ்சமின் டக்கர் ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர் எதிரியைக் கண்டறிந்தார். டெட்ராசைக்கிளின் வகை மருந்துகளில் இதுவே முதலாவதாகும்.

மறைவும் மதிப்பும்

சுப்பாராவ் 1948இல் தம் 53ஆம் வயதில் உறக்கத்தில் காலமானார். கூட்டாளிகளையே முன்னிறுத்தும் இயல்பினராக இருந்ததால், மருந்துகள் பரவிய அளவுக்கு இவர் பெயர் பரவவில்லை. பூஞ்சை இனமொன்றுக்கு சுப்பாரோமைசிசு என்று இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இந்திய அரசு 1995இல் இவருடைய நூற்றாண்டு நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.