ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 1960) வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியையும் மருத்துவமனையையும் நிறுவிய அமெரிக்க மருத்துவர் ஆவார். தென்னிந்தியப் பெண்களுக்கு மருத்துவக் கல்வியும் செவிலியர் கல்வியும் கிடைக்க வழிவகுத்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

ஐடா இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை இரண்டாம் ஜான் ஸ்கடரும் மருத்துவரே. பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு மருத்துவப் பணியாற்ற வந்தவர். ஐடா அமெரிக்காவில் பள்ளிக் கல்வி பயின்றார். இந்தியாவில் பணியாற்றும் எண்ணம் அப்போது அவருக்கு இருக்கவில்லை. 1890இல் நோயுற்றிருந்த தாய்க்கு உதவியாகவே திண்டிவனம் வந்தார்.

திருப்புமுனை

அங்கு ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பேறுகால உதவி கேட்டு ஆண்கள் வந்தனர். தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா வேண்டினார். ஆண் மருத்துவர் தம் மனைவியரைப் பார்ப்பதற்கு மூவரும் உடன்படவில்லை. பொழுது விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் இறந்தனர். இந்நிகழ்வே ஐடாவை மருத்துவம் பயிலத் தூண்டியது. 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

மருத்துவப் பணி

1900இல் இந்தியா திரும்பி, வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். நியூயார்க் வங்கியாளர் ஷெல் தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் நன்கொடை அளித்தார். அதனைக் கொண்டு 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது. 1906 முதல் குடியாத்தம் செல்லும் வழியிலுள்ள சிற்றூர்களில் சாலையோரத்திலேயே நோயாளிகளைக் கவனித்தார்.

செவிலியர் கல்வி

மருத்துவர் ஒருவரால் மட்டும் இத்தேவையை நிறைவு செய்ய இயலாது என்பதை ஐடா உணர்ந்தார். இரத்தத்தையும் கழிவுகளையும் தொடும் பணி என்பதால், செவிலியர் பணி அக்காலத்தில் இழிவாகக் கருதப்பட்டது. இந்நிலையில் 1909இல் வேலூரில் செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. வகுப்பறைப் பாடமும் நோயாளியின் படுக்கையருகே பெறும் பயிற்சியும் இதில் இணைந்திருந்தன. இப்பள்ளி வளர்ந்து, 1946இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கப்பட்டது. இந்தியாவில் இப்பட்டப்படிப்பு முதன்முதலில் தொடங்கப்பட்ட இரு இடங்களுள் வேலூரும் ஒன்று; மற்றொன்று தில்லி ஆகும்.

மருத்துவக் கல்வி

1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்கினார். முதலாண்டிலேயே 151 விண்ணப்பங்கள் வந்தன. 1922இல் முதல் அணியினர் 14 பேர் தேர்ச்சி பெற்று வெளியேறினர். பின்னர், பட்டயப் படிப்புப் பள்ளிகள் பட்டப்படிப்புக் கல்லூரிகளாக உயர வேண்டும் என்று அரசு அறிவித்ததால் இப்பள்ளி மூடப்படும் நிலை ஏற்பட்டது. நிதியும் ஆதரவும் திரட்டுவதற்காக ஆண்களையும் சேர்க்க ஐடா இசைந்தார். பெண்களுக்கென்று நிதி அளித்த நெடுநாள் நண்பர்கள் சிலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது, 1947இல் ஆண்கள் சேர்க்கப்பட்டனர்.

இறுதிக்காலம்

1946இல் ஓய்வுபெற்ற ஐடா, கொடைக்கானலில் வாழ்ந்து தமது 89ஆம் அகவையில் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

இன்றைய பொருத்தம்

2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது செவிலியர் கல்லூரிகள் பலவற்றில் பாடங்கள் இணையவழி நடத்தப்பட்டன. அதன்பின் இணையவழிக் கற்றலையும் வகுப்பறைக் கற்றலையும் இணைக்கும் கலப்புமுறை பரவலாகப் பேசப்படுகிறது. உடற்கூற்றியல், மருந்தியல் போன்ற பாடங்களைத் திரைவழி கற்கலாம். ஊசி போடுதல், பேறுகாலப் பராமரிப்பு போன்றவற்றை நோயாளியின் அருகிலிருந்தே பழக வேண்டும். வேலூர்ப் பள்ளி 1909இல் மேற்கொண்ட இணைப்பின் தேவை இவ்வகையில் இன்றும் தொடர்கிறது.