வங்கம் தந்த கல்விச் சுடர் பேகம் ரொக்கையா

ஒருவர் தம்மை இன்னார் என்று உணரும் உணர்வு தானே தோன்றுவதன்று. பிறந்த குடும்பம், பேசும் மொழி, பின்பற்றும் மார்க்கம், சூழ்ந்து நிற்கும் சமுதாயத்தின் விருப்பு வெறுப்பு ஆகிய நான்கும் கூடியே அதனை உருவாக்குகின்றன. இந்நான்கும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லை. ஒன்றோடொன்று முரண்படும்போது மனிதர் படும் பாடு பெரிது. அம்முரண்பாட்டின் நடுவே நின்று, எதனையும் முற்றாக உதறாமலும் எதற்கும் முற்றாக அடிபணியாமலும் தம்மை அமைத்துக்கொண்ட ஒரு பெண்மணியின் வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

பிறந்த மனை

இன்றைய வங்காளதேசத்தின் ரங்கப்பூர் மாவட்டத்தில் உள்ள பைராபந்த் என்னும் சிற்றூரில், 1880ஆம் ஆண்டு ஜமீன்தார் குடும்பமொன்றில் ரொக்கையா பிறந்தார். தந்தையார் ஜஹீருத்தீன் அபூ அலீ ஹைதர் சாபிர், அரபி, பாரசீகம், உருது ஆகிய மொழிகளில் புலமை மிக்கவர். மைந்தர் இருவரையும் கல்கத்தாவின் புனித சேவியர் கல்லூரிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். புதல்வியர்க்கோ குர்ஆன் ஓதுவதற்கும், சிறிதளவு உருது அறிவதற்கும் மேல் கல்வி இல்லை.

வங்க மொழி அம்மனையில் பெண்களுக்கு விலக்கப்பட்டிருந்தது என்பது நாம் கருதற்குரியது. உயர்குடி முஸ்லிம்கள் எனத் தம்மைக் கருதியோர், மேற்றிசையிலிருந்து வந்த மரபினர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வதில் பெருமை கொண்டனர். உருதுவும் பாரசீகமும் அப்பெருமையின் அடையாளங்கள். வங்கமோ வயலில் உழைப்பவரின் மொழி என்று எண்ணப்பட்டது. அண்டை அயலார் பேசும் மொழியைப் படித்தால் குலப் பெருமை குன்றும் என்று ஒரு பெண் குழந்தைக்குக் கற்பிக்கப்பட்ட காலம் அது.

கோஷாவின் கடுமையும் அவ்வாறே இருந்தது. ஐந்து வயதிலேயே அயல் ஆடவர் மட்டுமன்றி, வீட்டுக்கு வரும் அறிமுகமில்லாப் பெண்களின் கண்ணிலும் படாமல் ஒளிய வேண்டியிருந்தது. விருந்தினராக வந்த பெண்கள் பல நாள் தங்கிவிட, மாடத்தில் மறைந்திருந்த அச்சிறுமி உணவுக்கும் தவித்த நிகழ்ச்சியைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கின்றார்.

தமக்கையும் தமையனும்

பூட்டிய கதவைத் திறந்தவர்களும் அக்குடும்பத்தினரே. தமக்கை கரீமுன்னிசா முற்றத்து மண்ணில் எழுத்துகளை வரைந்து ஒளிவு மறைவாக வங்கம் கற்றவர். அவருடைய ஆர்வம் வெளிப்பட்டபோது படிப்பு நின்றது. இளவயதிலேயே திருமணமும் நிகழ்ந்தது. தாம் கற்றதை அவர் தங்கைக்குக் கொடுத்தார். தமையனார் இப்ராஹீம் சாபிர், வீட்டார் உறங்கிய பின்னர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ரொக்கையாவுக்கு ஆங்கிலம் கற்பித்தார். இவ்விருவரையும் ரொக்கையா இறுதிவரை மறக்கவில்லை. ‘மோதிச்சூர்’ நூலின் இரண்டாம் பகுதியைத் தமக்கைக்கும், ‘பத்மராகம்’ என்னும் புதினத்தைத் தமையனுக்கும் காணிக்கையாக்கினார். உருது வழங்கும் ஊர்களில் பல்லாண்டுகள் வாழ்ந்தும் தம் வங்க மொழியைத் தாம் இழக்காதிருந்தமைக்குத் தமக்கையின் அன்பே காரணம் என அவர் நன்றியோடு பதிவு செய்துள்ளார்.

இல்லறமும் எழுத்தும்

இருபது வயது நிரம்பும் முன்பே, பீகாரின் பாகல்பூரில் துணை நீதிபதியாகப் பணியாற்றிய சையத் சகாவத் ஹுசைனுக்கு அவர் மணமுடிக்கப்பட்டார். கணவர் வயதில் மிக மூத்தவர். முதல் மனைவியை இழந்தவர். வீட்டில் உருது பேசுபவர். இத்தகைய மணத்தில் ஒரு பெண்ணின் ஆர்வம் அணைந்துபோவதே அக்காலத்தின் இயல்பு. இங்கோ அதற்கு மாறாக நிகழ்ந்தது. இங்கிலாந்து சென்று கற்று வந்த சகாவத், மனைவியின் எழுத்தார்வத்தை வளர்த்தார்.

ரொக்கையாவின் கட்டுரைத் தொகுதியான ‘மோதிச்சூர்’ 1904இல் நூலாயிற்று. கணவர் சுற்றுப் பயணம் சென்றிருந்த நாள்களில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கதை ‘சுல்தானாவின் கனவு’. திரும்பி வந்த கணவர் நின்றபடியே அதனைப் படித்து முடித்து வியந்தார் என்பர். ஆடவர் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்க, பெண்கள் அறிவியலின் துணையால் கதிரவன் வெப்பத்தைச் சேர்த்து வைத்தும், வானத்து நீரைக் குழாய் வழி இறக்கியும் போரில்லா நாட்டை ஆளும் கற்பனை அது. அக்கதை 1905இல் முதன்முதலாக வெளிவந்தது நம் சென்னையில்தான். கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ அதனை வெளியிட்டது என்பது தமிழகத்தார்க்கும் மகிழ்வூட்டும் செய்தியாகும்.

ஆயினும் சமுதாயத்தின் அழுத்தம் எழுத்தையும் விட்டுவைக்கவில்லை. பெண்களின் தாழ்நிலை குறித்து இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரையொன்றில், சமயத்தின் பெயரால் ஆடவர் விதித்த கட்டளைகளைச் சாடிய பத்திகள் கடும் எதிர்ப்பைக் கிளப்பின. நூலாக வந்தபோது அப்பத்திகள் இடம்பெறவில்லை. எழுதுபவர் எவ்வளவு துணிவுடையவராயினும், படிப்பவரின் சினம் அவர் தாளில் ஓரளவு கோடு போட்டுவிடுகின்றது.

பள்ளி என்னும் தவம்

1909இல் சகாவத் மறைந்தார். பெற்ற பெண்மக்கள் இருவரும் முன்னரே குழந்தைப் பருவத்தில் இறந்திருந்தனர். பெண் கல்விக்கெனக் கணவர் விட்டுச்சென்ற பத்தாயிரம் ரூபாயைக் கொண்டு, அவ்வாண்டு அக்டோபரிலேயே பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் பள்ளி தொடங்கினார் ரொக்கையா. குடும்பச் சொத்துப் பிணக்கு அவரை அங்கே நிலைக்கவிடவில்லை. கல்கத்தா சென்று, 1911 மார்ச்சு 16ஆம் நாள் வலியுல்லா சந்தில் எட்டு மாணவியருடன் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியை மீண்டும் தொடங்கினார். தாம் ஒருநாளும் பள்ளியில் அமர்ந்து பயிலாதவர், பிற பள்ளிகளுக்குச் சென்று அவை நடக்கும் முறையைப் பார்த்து அறிந்து தம் பள்ளியை நடத்தினார்.

வீடு வீடாகச் சென்று பெற்றோரை இரந்து மாணவியரைச் சேர்த்தார். அவர்களை அழைத்துவரும் வண்டி ஒருவர் கண்ணுக்கும் உள்ளிருப்போர் தெரியாதபடி மூடப்பட்டது. காற்றின்றிச் சிறுமியர் மயங்கினர். அடைப்பை நீக்கித் திரையிட்டால், அத்திரை காற்றில் அசைகின்றதே என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. அடைத்தாலும் பழி, திறந்தாலும் பழி. 1916இல் அவர் நிறுவிய ‘அஞ்சுமனே கவாத்தீனே இஸ்லாம்’ என்னும் மாதர் சங்கம் ஏழைப் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் உதவிற்று.

பர்தாவும் கோஷாவும்

ரொக்கையா வாழ்நாள் முழுவதும் பர்தா அணிந்தே வெளியில் வந்தார். அதே கையால், கோஷாவின் கொடுமைகளைத் தொகுத்து ‘அவரோதவாசினி’ என்னும் நூலையும் எழுதினார். இஃது முரண் என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. நாணத்தைக் காக்கும் ஆடை வேறு. அறிவையும் உயிரையும் அடைத்துவைக்கும் சிறை வேறு என்பது அவர் கண்ட வேறுபாடு. முன்னதை ஏற்றார், பின்னதை மறுத்தார். கல்வியை ஆண் பெண் இருபாலார்க்கும் கடமையாக்கி, பெண்ணுக்குச் சொத்துரிமை வழங்கிய மார்க்கத்தை முன்னிறுத்தியே, அவற்றைத் தர மறுத்த முஸ்லிம் சமுதாயத்தை வினவினார். அவர் தம் ஆடையைத் துறந்திருந்தால் பெற்றோர் தம் மகளிரைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருப்பர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவருடைய பர்தாவில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, நெருக்கடியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தளக்க நம்மால் இயலாது. மனிதரின் அடையாளம் பெரும்பாலும் அவ்வாறு பின்னிக் கிடப்பதே.

அவர்தம் பெயரும் இதற்குச் சான்று. பெற்றோர் இட்ட பெயர் ரொக்கையா. தம் நூல்களில் கணவர் பெயரோடு இணைத்து ‘திருமதி ஆர். எஸ். ஹுசைன்’ என்றே அவர் ஒப்பமிட்டார். பேகம் ரொக்கையா என்பது பின்வந்த தலைமுறை அன்போடு வழங்கிய பெயர்.

1932 டிசம்பர் 9ஆம் நாள் அவர் இறையடி சேர்ந்தார். பெண் உரிமை குறித்து எழுதத் தொடங்கிய கட்டுரை மேசைமீது முற்றுப்பெறாமல் கிடந்தது. அந்நாளை வங்காளதேசம் ரொக்கையா நாளாகக் கொண்டாடி வருகின்றது. அவர் தொடங்கிய பள்ளி கொல்கத்தாவில் அரசுப் பள்ளியாக நடைபெறுகின்றது.

மாணவச் செல்வங்களே! குடும்பமும் மார்க்கமும் மொழியும் நம்மை ஆக்கியவை. அவற்றை வெறுத்து நாம் வளர இயலாது. அவற்றின் பெயரால் நம்மீது சுமத்தப்படும் அறியாமையை இனங்கண்டு விலக்கும் ஆற்றல் கல்வியால் வருவது. ஒரு தமக்கை மண்ணில் வரைந்த எழுத்தும், ஒரு தமையன் ஏற்றிய மெழுகுவர்த்தியும் பல்லாயிரம் பெண்மக்களுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தன. நம் இல்லங்களில் கற்கத் துடிக்கும் தங்கையர்க்கு அத்தமக்கையாகவும் தமையனாகவும் நாம் விளங்குவோமாக.