பாட்டன் பெயர் தாங்கிய பெயரன்

அடிமைத்தளை அறுத்த பெருமகனாராக ஆபிரகாம் லிங்கனை நாம் அறிவோம். குடிபெயர்ந்த உழவர் மரபொன்றின் ஏழாந் தலைமுறையினர் அவர் என்பதையும், தம் முன்னோரைத் தேடி அலைந்த உள்ளம் அவருடையது என்பதையும் நம்மிற் பலர் அறியோம்.

அம்மரபின் முதல்வர் சாமுவேல் லிங்கன். இங்கிலாந்தின் நார்போக் பகுதியிலுள்ள ஹிங்காமில் பிறந்து நெசவு பயின்ற அவர், 1637 ஆம் ஆண்டில் கடல் கடந்து மாசசூசெட்ஸ் சேர்ந்தார். அங்கே அவர் குடியமர்ந்த புதிய ஊருக்கும் ஹிங்காம் என்பதே பெயர். அவர் வழியினர் நிலம் நாடி நியூஜெர்சி, பென்சில்வேனியா, விர்ஜினியா எனப் பெயர்ந்து சென்றனர். லிங்கனின் பாட்டனாரான ஆபிரகாம், கெண்டக்கியில் காடு திருத்திப் பயிரிடுகையில், 1786 இல் அம்மண்ணின் தொல்குடியினரால் கொல்லப்பட்டார். மூத்த மகனுக்கே சொத்துரிமை என்பது அந்நாளையச் சட்டம். ஆதலின் எட்டு வயதினரான இளைய மகன் தாமஸ் கூலி வேலை செய்து வளர்ந்தார், கல்வியும் பெற்றிலர், குலவரலாறும் கேட்டறிந்திலர்.

அந்தத் தாமஸின் மகனாக, 1809 பிப்ரவரி 12 ஆம் நாள் கெண்டக்கியில் ஒரு மரக்குடிலில் பிறந்தார் லிங்கன். மாண்ட பாட்டனாரின் பெயரே அவருக்கு இடப்பட்டது. பெரும்பாலும் நிலவுரிமை வழக்குகளின் தொல்லையால் 1816 இல் அக்குடும்பம் இந்தியானாவுக்கும், 1830 இல் இல்லினாய்சுக்கும் பெயர்ந்தது.

1848 இல், நாட்டின் மக்கள் சபை உறுப்பினராயிருந்த லிங்கன், ஹிங்காமில் வாழ்ந்த சாலமன் லிங்கனுக்கும், விர்ஜினியாவிலேயே தங்கிவிட்ட உறவினர் டேவிட் லிங்கனுக்கும் மடல்கள் வரைந்து தம் குலத்தை உசாவினார். ஆபிரகாம், மார்டெக்காய் முதலிய பெயர்கள் இரு பக்கத்துக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். அதற்கு மேல் உறுதியான சான்று அவர்க்குக் கிட்டவில்லை. 1861 இல் குடியரசுத் தலைவரானார். 1865 ஏப்ரல் 15 அன்று கொலையாளியின் குண்டுக்கு இரையாகி மறைந்தார். பின்னரே ஆராய்ச்சியாளர் உயில்களையும் நிலப்பத்திரங்களையும் ஒப்புநோக்கி, அவர் சாமுவேலின் வழியினரே என நிறுவினர். பெயர்கள் காட்டிய வழி பிழையன்று. ஆயினும் லிங்கனின் நேர்வழி 1985 இல் கொள்ளுப்பேரர் ஒருவருடன் முடிவுற்றது.

பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் பெயரன் என்பது நம் தமிழ் மரபன்றோ? பிறந்த மண்ணை நீங்கி வந்து இங்கு வாழும் நாம், நம் பாட்டன் பாட்டியர் பெயர்களையும், அவர்தம் ஊர்களையும், உறவுமுறைகளையும் ஓர் ஏட்டில் எழுதி மக்கள் கையில் அளிப்போமாக. கேட்டுச் சொல்ல முதியோர் உள்ளபோதே அதனைச் செய்தல் நன்று.