சுரங்கத்தில் குதிரை ஓட்டியவர் கால்பந்து சூரர் ஆனார்! சம்பளத்துக்காக மோதிய மெரிடித்

இங்கிலாந்து கால்பந்து மைதானங்களை 30 வருடம் கலக்கியவர் பில்லி மெரிடித். லஞ்சப் புகாரில் தடை வாங்கியவரும் இவர்தான். வீரர்களுக்கு தொழிற்சங்கம் அமைக்க முன்னால் நின்றவரும் இவர்தான்.

வேல்ஸ் நாட்டின் வடக்கே, இங்கிலாந்து எல்லையை ஒட்டிய ஊர் சிர்க். அங்கு 1874ம் ஆண்டு பிறந்தார். ஊர் முழுக்க நிலக்கரி சுரங்க வேலைதான். மெரிடித்தும் 12 வயதில் சுரங்கத்துக்குள் இறங்கி விட்டார். கரி வண்டி இழுக்கும் மட்டக்குதிரையை ஓட்டும் வேலை.

1894ல் மான்செஸ்டர் சிட்டி கிளப் அவரை இழுத்தது. ஆனாலும் மனுஷன் சுரங்க வேலையை உடனே விடவில்லை. கொஞ்ச காலம் கரி வேலையும் பார்த்து, ரயிலேறிப் போய் பந்தும் விளையாடினார். மைதானத்தின் வலது ஓரம் அவருடைய கோட்டை. வாயில் எப்போதும் பல் குத்தும் குச்சி. அதை மென்றபடியே எதிரணியை சுற்றலில் விடுவார்.

1904 எப்.ஏ. கோப்பை பைனலில் போல்டன் அணிக்கு எதிராக ஒரே ஒரு கோல் விழுந்தது. அடித்தவர் கேப்டன் மெரிடித். சிட்டிக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை.

10 பவுண்டு வில்லங்கம்

அடுத்த வருடமே தலையில் இடி. ஆஸ்டன் வில்லா அணி கேப்டனுக்கு 10 பவுண்டு லஞ்சம் கொடுக்க முயன்றதாக புகார். கால்பந்து சம்மேளனம் அவருக்கு தடை போட்டது. ஆபத்தில் உதவ வேண்டிய சிட்டி கிளப்போ கையை விரித்து விட்டது.

ஆத்திரம் அடைந்த மெரிடித் கிளப்பின் குட்டை போட்டு உடைத்தார். அந்தக் காலத்தில் எந்த வீரருக்கும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்பது சட்டம். சிட்டி திருட்டுத்தனமாக கூடுதலாக கொடுத்து வந்தது அம்பலமானது. 1906ல் 17 வீரர்களுக்கு தடை. இனி சிட்டிக்கு விளையாடவே கூடாது என்றும் உத்தரவு.

மெரிடித் பக்கத்து எதிரியான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு தாவினார். தடை முடிந்து 1907 ஜனவரி 1ந்தேதி களம் இறங்கினார். எதிரே யார் தெரியுமா? அதே ஆஸ்டன் வில்லா! அவர் தூக்கிக் கொடுத்த பந்தில்தான் வெற்றி கோல் விழுந்தது. 1908, 1911ல் லீக் பட்டம், 1909ல் எப்.ஏ. கோப்பை என யுனைடெட் குவித்தது.

சங்கம் பிறந்தது

பைனலைப் பார்க்க 60 ஆயிரம் பேர் டிக்கெட் வாங்குகிறார்கள். ஆடுகிறவனுக்கோ 4 பவுண்டு. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விட்டால்தான் வேறு இடம் போகலாம். இது என்ன நியாயம்? 1907 டிசம்பரில் மான்செஸ்டரில் ஒரு ஓட்டலில் வீரர்கள் கூடினார்கள். மெரிடித் முன்னின்று நடத்த, சங்கம் பிறந்தது.

சங்கத்தை விட்டு விலகு, இல்லாவிட்டால் தடை என்று 1909ல் சம்மேளனம் மிரட்டியது. பல கிளப் வீரர்கள் பயந்து விலகினர். யுனைடெட் வீரர்கள் மட்டும் மசியவில்லை. சம்பளம் நின்றது. தனியாக பயிற்சி எடுத்தார்கள். கடைசி நேரத்தில் சம்மேளனம் இறங்கி வந்து சங்கத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் சம்பள உச்சவரம்பு மட்டும் அசையவில்லை.

வேல்ஸ் அணிக்கு 48 ஆட்டம் ஆடினார். கடைசி ஆட்டம் 1920ல். 45 வயதில், இங்கிலாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று சாய்த்து விட்டு விடைபெற்றார். 1921ல் மறுபடி சிட்டிக்கு வந்தார். 1924 கோப்பை அரை இறுதியில் ஆடியபோது வயது 49!

1958 ஏப்ரலில் மான்செஸ்டரில் இறந்தார். அவர் எதிர்த்த சம்பள உச்சவரம்பு 1961ல் ஒழிந்தது. பல வருடம் அவர் கல்லறையில் ஒரு பெயர்ப்பலகை கூட கிடையாது. 2001ல்தான் கல் வைத்தார்கள். சிட்டியும் யுனைடெட்டும், வேல்ஸ் கால்பந்து சங்கமும், அவர் தொடங்கிய அந்த வீரர்கள் சங்கமும் சேர்ந்து செலவை ஏற்றுக்கொண்டன.