நிறங்களைத் தேடிய நெடும்பயணி

நிறமே இல்லாத உலகம் ஒன்றை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்! பச்சை வயல் சாம்பலாகும், செவ்வானம் கரும்புகையாகும், மணமகளின் கூறைப்புடவையும் மண்சுவரும் ஒன்றாகும். உள்ளத்தை மகிழ்விக்கவும், மருட்டவும், அமைதிப்படுத்தவும் வல்லது நிறம். அந்நிறத்தின் மறைபொருளைத் தம் வாழ்நாளெல்லாம் தேடிய தமிழர் ஒருவரின் வரலாற்றை இங்குக் கூற விழைகிறேன். அவரே சர். சி. வி. இராமன்.

அவரை நான் தேடிச் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் வல்லம் வடகால். திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட அவ்வூரின் பெயர் இன்று சிப்காட் தொழிற்பூங்கா ஒன்றின் பெயராகவும் விளங்குகிறது. தொழிற்சாலைக்குள் நிறமே மொழி. நடைபாதைக்கு மஞ்சள் கோடு; இயந்திரத்தை உடனே நிறுத்தச் சிவப்புப் பொத்தான்; ஓடுகிறது என்பதற்குப் பச்சை விளக்கு. வீட்டில் மஞ்சள் மங்கலம். திருமண அழைப்பிதழின் மூலைகளில் அதைத் தடவுகிறோம். தொழிற்சாலையிலோ அதே மஞ்சள் எச்சரிக்கை!

என் அண்ணன் ஐ.டி.ஐ.யில் மின்பணி பயின்றவர். ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சென்றபோது, வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஏடு ஒன்றைக் காட்டி, அதில் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். அவருக்கு எண் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்பது அன்றுதான் எங்கள் வீட்டுக்கே தெரிந்தது. வேலை கைநழுவியது. தாம் பெற்ற பிள்ளைக்குத் தாமே குறை வைத்துவிட்டதாக அம்மா கலங்கினார். நிறம் என்பது பொருளில் இருக்கிறதா, கண்ணில் இருக்கிறதா? இக்கேள்வியோடுதான் நான் கல்லூரி நூலகத்தில் நுழைந்தேன்.

இராமன் 1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர். தாய் பார்வதி அம்மாள். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1904-இல் பி.ஏ. பட்டமும் 1907-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். மாணவராக இருந்தபோதே, 1906-இல், ஒளியைப் பற்றிய அவரது கட்டுரை இலண்டன் ஆய்விதழ் ஒன்றில் வெளியாயிற்று. பின்னர் அரசு நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அலுவலக நேரம் போக எஞ்சிய நேரத்தையெல்லாம் பௌபசார் தெருவிலிருந்த ஆய்வுக் கழகத்திலேயே கழித்தார். ஊதியம் குறையும் என்றறிந்தும் 1917-இல் அரசுப் பணியைத் துறந்து பல்கலைக்கழகப் பேராசிரியரானார். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா, அண்ணனுக்குக் காட்டப்பட்டது போன்ற புள்ளி ஏட்டை வெளியிட்டதும் அதே 1917-இல்தான்!

1921-இல் இங்கிலாந்து சென்று திரும்பும் வழியில், நடுநிலக்கடலின் நீலம் இராமனை ஆட்கொண்டது. வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்று அறிஞர் ரேலி கூறியிருந்தார். இராமன் நிக்கல் பட்டகம் ஒன்றின் வழியே, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வானொளியை விலக்கிக் கடலை நோக்கினார். நீலம் மறையவில்லை, மேலும் ஆழ்ந்து தோன்றியது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று தெளிந்தார்.

அத்தெளிவே பேராய்வாக வளர்ந்தது. கே. எஸ். கிருஷ்ணன் உடன் உழைத்தார். கதிரொளியை நீலஊதா வடிகட்டி வழியே நீர்மத்தில் செலுத்தி, சிதறி வரும் ஒளியைப் பச்சை வடிகட்டி வழியே பார்த்தார்கள். ஒளியின் நிறம் மாறாதிருந்தால் அங்கே இருளே தெரிய வேண்டும். ஆனால் மங்கிய ஒளித்தடம் தெரிந்தது! ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வந்திருந்தது. அதைக் கண்டறிந்த முதற்கருவி மனிதக் கண்ணே. 1928 பிப்ரவரி 28-இல் உறுதிப்பட்ட அக்கண்டுபிடிப்பே இராமன் விளைவு. அந்நாளையே நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

1930 திசம்பரில் ஸ்டாக்ஹோம் நகரில் நோபல் பரிசு பெற்றார். விழா மேடையில் தாம் அமர்ந்திருந்த இடத்துக்கு மேலே பிரிட்டிஷ் கொடி இருப்பதைக் கண்டார். தம் தாயகத்துக்கெனத் தனிக்கொடி இல்லையே என்று எண்ணி உள்ளம் உடைந்து கண்ணீர் விட்டார். ஒளியலைகளை அளந்த பேரறிஞரை ஒரு துணியின் நிறங்கள் அழவைத்தன! நிறம் கண்ணோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1947 சூலை 22-இல் நம் மூவண்ணக்கொடி ஏற்கப்பட்டபோது அவர் உவகை எத்தகையதாக இருந்திருக்கும்!

1933-இல் பெங்களூர் சென்றவர், 1948-இல் அங்கே தம் பெயரால் ஆய்வு நிலையம் நிறுவினார். 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். முதுமையில் மீண்டும் நிறத்திடமே வந்தார். தோட்டத்து மலர்களின் ஒளியைப் பகுத்துப் பார்த்து, கண் நிறத்தை எவ்வாறு உணர்கிறது என ஆராய்ந்து 1968-இல் நூலாக வெளியிட்டார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கலாகாது. கண் மூவகை உணர்விகளால் நிறம் காண்கிறது என்ற பழைய கொள்கையை இராமன் ஏற்கவில்லை. ஆனால் 1964-இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதக் கண்ணின் கூம்புகளில் மூவகை நிறமிகளை அளந்து காட்டியிருந்தனர். இராமனின் கொள்கை நிலைபெறவில்லை. நோபல் அறிஞரும் தவறலாம். அதனால் அவர் புகழ் குன்றுவதில்லை. ஆசிரியர் சொன்னாலும் ஏடு சொன்னாலும் தாமே கண்டு ஆராய வேண்டும் என்பதன்றோ அவர் நெறி!

அந்த மூவகைக் கூம்புகளே என் கேள்விக்கும் விடை தந்தன. பொருள் அனுப்புவது ஒளியை. அதை நிறமாக்குவது கண்ணும் மூளையும். கூம்புகளில் ஒருவகை மாறுபட்டால் சிவப்பும் பச்சையும் மயங்கும். அம்மாறுதல் பெரும்பாலும் தாயின் வழியே, தாயே அறியாமல், மகனுக்கு வருகிறது. அதில் எவர் பிழையும் இல்லை. இதை அம்மாவிடம் படம் வரைந்து விளக்கினேன். அவர் நெடுநேரம் அப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாலை விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்று இடத்தைக் கொண்டே அண்ணன் வண்டி ஓட்டுகிறார். எனவே நிறத்தால் மட்டும் பேசும் வடிவமைப்பு சிலரிடம் பேசாமலே போகிறது. பொத்தானுக்கு நிறத்தோடு வடிவமும், விளக்குக்கு நிறத்தோடு இடமும், கம்பிக்கு நிறத்தோடு எண்ணும் தருவதே அனைவருக்குமான வடிவமைப்பாகும்.

1970 நவம்பர் 21-இல் இராமன் மறைந்தார். அவர் விருப்பப்படியே, தாம் நேசித்த ஆய்வு நிலையத் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. மாணவத் தோழர்களே! நாளை நம்மில் பலர் தொழிற்கூடங்களில் வண்ணம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமரக்கூடும். அன்று, நம் கண் காண்பதே எல்லார் கண்ணும் காண்பது என்று எண்ணாதிருப்போம். கடலைக் கண்டு வியந்ததோடு நில்லாமல் ஏன் என்று கேட்ட அந்தத் தமிழரின் வழியில் நடப்போமாக!