அச்சத்தை விற்றவர்களும் பூலேயின் கல்வியும்

மகாத்மா ஜோதிராவ் பூலேயை (1827–1890) நாம் பெரும்பாலும் பள்ளிகளின் வழியே நினைவுகூர்கிறோம். 1848இல் பெண்களுக்கும், பின்னர் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் சாவித்திரிபாயுடன் இணைந்து புனேயில் பள்ளிகளைத் திறந்த அவர், 1855இல் ‘திருதீய ரத்னா’ என்னும் மராத்தி நாடகத்தையும் எழுதினார். அதில் கருவுற்ற உழவர் பெண்ணைக் கிரகதோஷம் என்று அச்சுறுத்துகிறார் புரோகிதர். பரிகாரச் செலவால் குடும்பம் கடனாளியாகிறது. தட்சிணைப் பரிசுக் குழு அந்நாடகத்தை ஏற்கவில்லை. 1873இல் பூலே நிறுவிய சத்தியசோதக் சமாஜம், புரோகிதரின்றித் திருமணங்களை நடத்தியது.

ஏமாந்தவர்களைப் பூலே இகழவில்லை. நாடகத்தின் முடிவில் அத்தம்பதியர் பள்ளியில் சேர முடிவெடுக்கின்றனர். மூடநம்பிக்கையை எதிர்க்கும் நாமும், நம்புவோரைப் பழிப்பதை விடுத்து, அவர்தம் அச்சத்தைக் காசாக்குவோரைக் கேள்வி கேட்கும் கல்வியை அவர்களிடம் கொண்டுசெல்வோம்.